தாயக்கட்டையும் எதிர்பார்ப்பு மதிப்பும்

கல்லூரி முதலாண்டில் புள்ளியியலைத் துணைப்பாடமாக நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைக் கவனித்திருப்பார்கள். நிகழ்தகவு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக்கொடுத்து எதிர்பார்ப்பு மதிப்பை, அதாவது ஒவ்வொரு விளைவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டிவரும் சராசரியைக் கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் பிழையின்றிக் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த அட்டவணையை அவர்களையே அமைக்கச் சொன்னால்தான் பேனா நின்றுவிடும். பெருக்கிக் கூட்டுவது பள்ளியிலேயே கைவந்த வேலை. எவை எவை நிகழக்கூடும், அவற்றுள் எவை சம வாய்ப்புள்ளவை என்று பிரித்தறிவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

நாணயத்தையும் ஆறுமுகப் பகடையையும் வைத்து இதைப் பழக்குவது கடினம். அவற்றின் விடைகள் மாணவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டதால் யாரும் கூறுவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, எழுதிப் பார்ப்பதில்லை. ஆகவே பயிற்சி வகுப்புக்குத் தாயக்கட்டையைக் கொண்டுவரத் தொடங்கினேன். நீளவாட்டில் நான்கு முகங்கள் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகள். மூன்று முகங்களில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது முகம் வெறுமை. இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. மற்றபடி புள்ளிகளின் கூட்டுத்தொகை. தாயம், அதாவது கூட்டுத்தொகை ஒன்று, விழ நிகழ்தகவு என்ன என்பதே முதல் கேள்வி.

ஏழில் ஒன்று என்ற விடைதான் பெரும்பாலும் முதலில் வரும். தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என ஏழு விளைவுகள், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/7 என்பது அவர்களின் வாதம். இதை மந்தபுத்தி என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு 3/4 அல்ல, 2/3 என்று 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய தலம்பேர் பெரிய கணித மேதை. சம வாய்ப்பில்லாத விளைவுகளைச் சமமாக எண்ணியதே அங்கும் இங்கும் நேர்ந்த தவறு.

ஒரு கட்டையின் ஓரத்தில் நகப்பூச்சால் சிவப்புக் குறி இட்டதும் விவாதம் பெரும்பாலும் அடங்கிவிடும். குறியிட்ட கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுவது வேறு, அது மாறி விழுவது வேறு என்று கண்ணுக்கே தெரிகிறது. நான்குக்கு நான்கு கட்டம் போட்டுப் பதினாறு இணைகளையும் எழுதினால் தாயத்துக்கு இரண்டு கட்டங்கள், மூன்றுக்கு நான்கு, பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் ஒவ்வொன்று மட்டுமே. தாயத்தின் நிகழ்தகவு 1/8. ஓர் உருட்டலின் எதிர்பார்ப்பு மதிப்பு 60/16, அதாவது 3.75, ஏழையும் சமமாக எண்ணியவர்களுக்கு 33/7, ஏறத்தாழ 4.71 கிடைத்திருக்கும். எது சரி என்று நான் சொல்வதில்லை. குழுக்களாகப் பிரிந்து உருட்டி, எல்லாக் குழுக்களின் எண்களையும் பலகையில் ஒன்றுசேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தனித்தனிக் குழுவின் சராசரிகள் கண்டபடி சிதறிக் கிடப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான். (கையால் அராவிய பழைய கட்டைகள் எல்லா முகத்திலும் சமமாக விழும் என்று உறுதி கூற முடியாது, கடையில் புதிதாக வாங்கியவையே வகுப்புக்கு நல்லவை.)

அதன் பிறகு வரும் சிக்கல் இன்னும் ஆழமானது. தாயம் விழச் சராசரியாக எட்டு உருட்டல்கள் தேவை என்று கணக்கிட்ட மாணவரே, ஏழு முறை விழாவிட்டால் எட்டாவதில் விழுந்தே தீரும் என்று நம்புகிறார். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாதிருக்கும் நிகழ்தகவு என்ன என்று உடனே கேட்டுவிடுவேன். 7/8 என்பதை எட்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.34. மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் காத்திருப்பார்கள் என்பதைத் தங்கள் கால்குலேட்டரிலேயே பார்க்கும்போது வகுப்பில் கொஞ்சம் நம்பாத முகங்கள் தெரியும். சராசரி என்பது உத்தரவாதம் அல்ல, கட்டைக்கு முந்தைய உருட்டல்கள் நினைவிருக்காது என்பதை வாயால் பலமுறை சொல்வதைவிட இந்த ஒரு பெருக்கல் அதிகம் செய்கிறது.

தேறிய மாணவர்களுக்கு ஆட்டத்தின் மறு உருட்டல் விதியே நல்ல தீனி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டலாம். இதன் நிகழ்தகவு 6/16. ஒருவரது முறை முழுவதற்குமான எதிர்பார்ப்பு மதிப்பை முடிவிலித் தொடராக எழுதப் பலர் முயன்று திணறுவார்கள். அதை E என்று வைத்துக்கொண்டு, E = 3.75 + (6/16)E என்று எழுதிவிட்டால் விடை சரியாக 6. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் மீண்டும் E வருவதை முதல் பார்வையில் பலர் ஏற்பதில்லை. மறு உருட்டல் கிடைத்தவர் புதிதாக ஆட வந்தவருக்குச் சமம் என்பதைப் பேசித் தெளிந்த பிறகே ஏற்கிறார்கள்.

அவர்களிடம் அடுத்து விட்டுவைப்பது, காயைக் களத்தில் இறக்கும் கேள்வி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும்; ஒருவரது முறையில் அது நடக்கும் நிகழ்தகவு 1/8 என்றே எழுதிக் கொடுப்பார்கள். முதல் உருட்டலில் ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்து, அதனால் கிடைத்த மறு உருட்டலில் தாயம் விழுவதையும் சேர்க்க வேண்டும். p = 1/8 + (1/4)p என்ற அதே வகைச் சமன்பாடு 1/6 என்ற விடையைத் தருகிறது.