ஜியாலஜிக்கு எந்தக் காலேஜ்?

போன வருஷம் மே மாதம் அண்ணன் போன் செய்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஜியாலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "உன்னைப் பார்த்துத்தான் கெட்டுப்போயிட்டா. கல்லு தட்டுற வேலைக்கு ஒரு டிகிரியாடா?" என்றார். கோபம் வரவில்லை, ஏனென்றால் நான் பத்தொன்பது வருஷமாகக் கல் தட்டித்தான் சாப்பிடுகிறேன். அணை, மலையைக் குடையும் பாதை, மெட்ரோ என்று எங்கே துளை போட்டாலும் உள்ளேயிருந்து வெளிவரும் பாறைத் துண்டுகளைப் பார்த்து, இது என்ன, எவ்வளவு உறுதி, எங்கே பிளந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஆனால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "சரி, எந்தக் காலேஜ்ல போடுறது?"

நான் காலேஜைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. கெமிஸ்ட்ரி கேட்டேன், மார்க் போதவில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "இது இருக்கு, எடுத்துக்கிறியா" என்றார். புவியியல் என்று என் காதில் விழுந்ததால், மேப் வரையும் பாடம் என்று நினைத்துத் தலையாட்டினேன். தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் ஜியாக்ரஃபி, அரசாங்கத்தின் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் புவியியல் என்றால் ஜியாலஜி. விண்ணப்பத்தில் நிலவியல் என்றோ புவியமைப்பியல் என்றோ வேறு போட்டிருப்பார்கள். சேரும் முன் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. என்னைப் போலப் பாதி வகுப்பு அப்படி வந்து உட்கார்ந்ததுதான்.

என் காலேஜ் பெயர் வேண்டாம். சொல்லிக் கொடுத்தவர்கள் மோசமில்லை, வசதிதான் இல்லை. நாற்பது பேருக்கு மூன்று மைக்ரோஸ்கோப், அதில் ஒன்றின் மேடை சுற்றாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, ஒளி ஊடுருவும்படி பார்க்கிற அந்த மைக்ரோஸ்கோப்பில் மேடையை மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப பிளேஜியோகிளேஸ் கனிமத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரிக்குதிரைக் கோடுகள் அணைந்து எரியும். அதை அரை நிமிஷம் பார்ப்பதற்குள் பின்னால் நிற்பவன் முதுகில் தட்டுவான். ஃபீல்டு என்று வருஷத்துக்கு ஒரு தடவை மலைவாசஸ்தலத்துக்குக் கூட்டிப்போனார்கள். படகு விட்டோம், குரூப் போட்டோ எடுத்தோம், கோன் ஐஸ் சாப்பிட்டோம். திரும்பி வந்து சீனியர் நோட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினோம், அதற்கு எனக்கு நல்ல மார்க் வேறு.

அது என்ன விலை என்பது முதல் வேலையில் தெரிந்தது. துளையிடும் தளம். மர நிழலில் வரிசையாகக் கோர் பாக்ஸ், அதாவது துளையிலிருந்து எடுத்ததை அடுக்கிவைக்கிற பெட்டிகள், உள்ளே உருளை உருளையாகப் பாறைத் துண்டுகள். ஆர்.க்யூ.டி. என்று ஒரு கணக்கு உண்டு: ஒரு தடவை இறக்கி எடுத்த நீளத்தில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகள் மட்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. பாறை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு டேப் வைத்து அளந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று சின்னச் சின்னத் துண்டுகள் ஏராளம், தேறியது 60 சென்டிமீட்டர்தான். 40 சதவீதம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ரிக் என்கிற துளையிடும் இயந்திரத்தை ஓட்டுகிற அண்ணன் பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார், முடி நுழைய இடமில்லை.

"தம்பி, இது நான் சுத்தியல்ல தட்டினப்ப உடைஞ்சது, பெட்டியில அடங்கலன்னு. பாருங்க, முகம் பளிச்சுன்னு இருக்குல்ல? பூமிக்குள்ளயே உடைஞ்சிருந்தா இப்படி இருக்குமா?" என்றவர், இன்னொரு துண்டின் முனையைத் திருப்பினார். துருப்பிடித்த பழுப்பு, மேலே வழவழவென்று ஒரு களிமண் பூச்சு. "இதுதான் நிஜமான ஜாயின்ட்."

தட்டி உடைத்தவற்றை ஒட்டுப்போட்டு மறுபடி அளந்தால் 126 சென்டிமீட்டர், அதாவது 84 சதவீதம். 40 என்றே அனுப்பியிருந்தால் நல்ல பாறையை மோசம் என்று சொல்லி, தேவையில்லாத கம்பியும் கான்கிரீட்டும் கொட்ட வைத்திருப்பேன். ஆர்.க்யூ.டி. வாய்ப்பாடு எனக்கு மனப்பாடம், தேர்வில் எழுதியிருக்கிறேன். உடைந்த கல்லின் முகத்தைப் பார் என்று மட்டும் மூன்று வருஷத்தில் யாரும் காட்டவில்லை.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களை இன்டர்வியூ செய்யும்போது மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு மேசையில் ஒரு கல்லை வைக்கிறேன். சிலர் உடனே கேள்வியாகக் கேட்கிறார்கள், எங்கே எடுத்தது, நனைத்துப் பார்க்கலாமா, ஓரத்தை உடைக்கலாமா என்று. சிலர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே "கிரானைட் சார்" என்பார்கள். தொட்டுப் பழகிய பிள்ளைகள் எந்தக் காலேஜிலிருந்து வருகிறார்கள் என்று கவனித்தால், கட்டடமோ விளம்பரமோ காரணமாக இருப்பதில்லை, ஃபீல்டுக்கு எத்தனை நாள் போனார்கள் என்பதில்தான் வந்து நிற்கும்.

அதனால் அண்ணனிடம் சொன்னேன், முதலில் ஊரைப் பார், அப்புறம் காலேஜ். சேலத்தில் அரசு கலைக் கல்லூரி என்றால் மேக்னசைட் வெட்டுகிற சுண்ணாம்புக்கரடும், இரும்புத்தாதுப் பாறை ஓடுகிற கஞ்சமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. திருச்சி நேஷனல் காலேஜ் என்றால் காலையில் பஸ் ஏறி சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கலாம், காரை ஓடைகளில் இறங்கினால் பெலம்னைட் என்கிற பழங்காலக் கடல் உயிரியின் தோட்டா மாதிரியான புதைபடிவங்கள் காலடியில் கிடக்கும், சாயங்காலம் வீடு திரும்பலாம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரிக்குக் கடலும் தேரி மணலும். சென்னை மாநிலக் கல்லூரி என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரி தோன்றும், ஆனால் சார்னோகைட் என்ற பாறைக்கு உலகம் முழுக்க ஆதாரமாகச் சொல்லப்படுகிற இடமே மின்சார ரயிலில் போய்விடக்கூடிய பல்லாவரம்தான். இதற்காக இங்கேதான் சேர வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் பாறை இருந்தும் வெளியே கூட்டிப்போகாத துறை உண்டு, தூரத்தில் இருந்தும் டெண்ட் அடித்துத் தங்கவைத்து மேப் போட வைக்கிற ஆசிரியர் உண்டு. நேரில் போய், இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் போன வருஷ ஃபீல்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம் ஒரே வரி என்றால் கிளம்பிவிடலாம்.

இன்னொன்றும் மறைக்காமல் சொன்னேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு எம்.எஸ்சி. வேண்டும், பி.எஸ்சி.யோடு நின்றால் அந்தக் கதவு திறக்காது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. என்றால் ஜாம் (JAM) என்கிற நுழைவுத் தேர்வு. ஆக இது மூன்று வருஷக் கணக்கு இல்லை, ஐந்து. மேலே எங்கே போனார்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டால், நல்ல இடமாக இருந்தால் பெயர் பெயராகச் சொல்வார்.

"பொம்பளப் புள்ள காடு மேடெல்லாம்…" என்று அண்ணன் இழுத்தார். என் குழுவில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், நடையில் என்னை முந்துவார்கள். பல தளங்களில் ஒழுங்கான கழிவறை இல்லை என்பதுதான் பிரச்சினை, அது அவர்கள் குற்றமில்லை. ஃபீல்டுக்குப் பெண் ஆசிரியர் கூட வருகிறாரா, ராத்திரி எங்கே தங்குகிறார்கள் என்று தாராளமாகக் கேள் என்றேன்.

அவள் நான்கு இடம் போய்ப் பார்த்து, ஒன்றில் சேர்ந்துவிட்டாள். லேபில் இருந்த உதவியாளர் கேட்காமலே டிராயரைத் திறந்து கல்லைக் கையில் கொடுத்தாராம். நவம்பரில் அண்ணன் மறுபடி போன் செய்தார், குரலில் பதற்றம். போன வருஷம்தான் சமையலறை மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டிருந்தார், சதுர அடி கணக்கில் நல்ல விலை. இவள் லீவுக்கு வந்து லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இது கிரானைட்டே இல்லை, டோலரைட் மாதிரி இருக்கு என்கிறாளாம்.

"கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்லண்ணே, கறுப்பா பாலிஷ் பண்ணி வித்தா எல்லாமே அவங்களுக்கு கிரானைட்தான்."

"அப்ப இவ சொல்றது?"

"அவ சொல்றதுதான் சரி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், ஹால் தரையில் போட்டிருப்பது என்ன கல் என்று கேட்டார்.