பலகையின் கடைசி எழுத்து

திருகோணமலை நகரில் பெயர்ப்பலகை எழுதும் பட்டறை ஒன்றில் 1995ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் ஆறு மாதங்கள் எனக்குத் தூரிகையைத் தொட அனுமதி கிடைக்கவில்லை. தகரத்தின் துருவைச் சுரண்டுவது, செங்காவி நிற அடிப்பூச்சுப் பூசுவது, சோக்குத் தூள் தடவிய நூலை இருவராகப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவது, மாலையில் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவுவது ஆகியவையே என் வேலைகள். கடல் இத்தனை பக்கமும் சூழ்ந்த ஊரில் அடிப்பூச்சு ஒரு விரற்கடை விடுபட்டாலும் உப்புக்காற்று அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். இரண்டு மாரி கழிவதற்குள் துரு அங்கிருந்து புறப்பட்டு எழுத்தைத் தின்னத் தொடங்கும். வடிவமைப்பு என்ற சொல்லை நான் அப்போது கேள்விப்பட்டதே இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கைவிட்டதால், சித்திரம் கொஞ்சம் வரும் என்ற ஒரே தகுதியோடு அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்.

பட்டறை அண்ணன் எனக்கு எழுதக் கொடுத்த முதல் எழுத்து 'லை'. கடைப் பலகையில் மேலே கடைப்பெயர் பெரிதாகவும், அடியில் வீதியும் ஊரும் சிறிதாகவும் வரும். ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தை நான் பிழையாக எழுதினாலும் கடைக்காரரின் கண் அங்கே போய்ச் சேர நேரமாகும் என்பது அவருடைய கணக்கு. அவர் எழுதிக் காட்டியது பழைய லை, அதாவது லகரத்தின் மேலே யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும் வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல், நான் பிறந்த அதே ஆண்டில், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கையை நீக்கி, மற்ற எழுத்துகளைப் போல முன்னால் ஐகாரக் கொம்பு போடுமாறு ஆணையிட்டது. பின்னர் இங்கும் அதுவே வழக்கமாகிவிட்டதை அண்ணன் அறியாதவர் அல்லர். இருந்தாலும் நீளம் காணாத பலகைகளுக்கு அவர் பழைய லையையே போட்டார். புதிய வடிவம் ஏறக்குறைய இரண்டு எழுத்தின் அகலத்தைக் கேட்கும். பழையது மேலே கொஞ்சம் இடம் கொடுத்தால் ஓர் எழுத்தின் அகலத்தில் அடங்கிவிடும். பழமைப் பற்று என்று நான் நினைத்திருந்தது வெறும் அளவுக் கணக்கு என்பது விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

அங்கிருந்து ஓர் அச்சகத்துக்குப் போனேன். பற்றுச்சீட்டுப் புத்தகங்களை ஈய எழுத்துகளால் கோத்து அடித்துக்கொண்டிருந்த கடைசிக் காலம் அது. எழுத்துப் பெட்டியில் துதிக்கை லைக்குத் தனியறை இருந்தது, ஏனென்றால் அது ஒரே துண்டாக வார்க்கப்பட்ட எழுத்து. கணினி வந்ததும் அந்த அறையும் பெட்டியும் சேர்ந்தே போயின. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப் பழகி, திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா விளம்பரம், இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலர் எல்லாவற்றையும் நானே பக்கம் கட்டினேன். கல்வெட்டு வேலையில் நாள் தவறக்கூடாது. இறந்தவருக்கு இன்னொரு முப்பத்தோராம் நாள் வராது. ஒருமுறை மென்தட்டில் கொழும்புக்கு அனுப்பிய கல்வெட்டின் ஒரு பக்கம் பாமினி இல்லாத கணினியில் திறக்கப்பட்டு, ஒரு பாட்டியின் வாழ்க்கை வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக அச்சாகி வந்தது. அந்த எழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தது, மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. அன்றிரவு முந்நூறு பிரதிகளிலும் அந்தத் தாளை வெட்டி எடுத்துவிட்டு, இங்கேயே அடித்த தாளை ஒட்டினோம். பசை காயாத பிரதிகளைத்தான் மறுநாள் காலை வீட்டாரிடம் கொடுத்தேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. அங்கேதான் முதன்முறையாக என்னை 'டிசைனர்' என்று அழைத்தார்கள். சம்பளம் நல்லது, வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: மும்மொழிப் பலகைகளில் ஒரே செய்தி தமிழில்தான் பெரும்பாலும் நீண்டுபோகும், எனவே மூன்று வரிகளையும் ஒரே நீளத்தில் அடக்க நினைப்பவர்கள் தமிழ் வரியைத்தான் சுருக்குவார்கள். அதைச் சுருக்கியவர்களில் நானும் ஒருவன். குடிநீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் பலகையைக் கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் படித்த ஒரு முதியவரைப் பார்த்த பின்பே, மற்ற இரண்டு வரிகளையும் மடித்துத் தமிழ் வரியின் அளவுக்குக் கொண்டுவரக் கற்றேன்.

பனையோலைக்கு வந்தது 2011இல். நகருக்கு வெளியே பெண்கள் குழுவொன்றுக்குப் புதிய வடிவங்கள் வரைந்து கொடுக்க, மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கடகம், நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி என்று ஓலைப் பெட்டிகளைச் சிறுவயது முதல் இழைத்துவரும் பெண்களுக்கு, ஓலையைக் கையில் எடுத்தறியாத ஒருவன் மூன்று நாளில் எதைப் பயிற்றுவிப்பது என்ற கேள்வி திட்டம் எழுதியவர்களுக்கு ஏனோ எழவில்லை. நான் சங்கும் அலையும் வரைந்து கொண்டுபோனேன். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வளைவு ஓலையில வராது, படிபடியாத்தான் வரும்" என்றார். குருத்தோலையை அவித்துக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் மீண்டும் கொதிக்கவைத்து எடுக்கும் அந்த வார்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் உருவம் பிறக்கிறது. அரை வார் என்று ஒன்று கிடையாது. மூன்று நாள் முடிந்தும் வார இறுதிகளில் அங்கே போய்க்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட கொப்பியில் வார்களை எண்ணி வரையப் பழகியது அவரிடந்தான்.

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வரும் பயணிகளுக்காக, ஊர்ப்பெயரை இழைத்த பை ஒன்றைச் செய்ய நினைத்தோம். பையின் அகலம் கைப்பிடிக்கு ஏற்ப முன்பே முடிவாகியிருந்தது. 'திருகோணம' வரை ஒழுங்காக வந்தது. லைக்கு ஆறு வார் குறைந்தது. எழுத்தை ஒடுக்கிப் பார்த்தேன், வாசிக்க முடியவில்லை. அந்த அம்மா கொப்பியை வாங்கி, நான் வரைந்த கொம்பை அழித்துவிட்டு, "நாங்கள் படிச்ச லையைப் போட்டால் இடம் காணும்" என்று சொல்லி, லகரத்தின் மேலே நான்கு படிகளில் ஒரு துதிக்கையை ஏற்றினார்.

கொழும்பில் ஒரு கடைக்காரர் எழுத்துப் பிழை என்று இருபது பைகளைத் திருப்பி அனுப்பினார். அவற்றை இங்கேயே விற்றோம். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பட்டறை அண்ணனுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விரலால் துதிக்கையை அளந்து பார்த்துவிட்டு, மேலே இன்னும் ஒரு வார் இடம் விட்டிருக்கலாம் என்றார்.