இடது பக்கம் இழுக்குது

மார்ச் 2
வண்டி வந்தாச்சு. கலர் நேர்ல இன்னும் அழகா இருக்கு. லேசா இடது பக்கம் போற மாதிரி இருந்துச்சு, ரோடு அப்படியா இருக்கும்.

மார்ச் 3
ரோடு இல்ல.

மார்ச் 4
இன்னிக்கு கவனிச்சே ஓட்டினேன். 40 வரைக்கும் ஒண்ணும் தெரியல. 60 தாண்டினதும் ஆரம்பிக்குது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினா ஸ்டீரிங் தானா மெதுவா இடது பக்கம் திரும்புது, வண்டியும் கோட்டை நோக்கிப் போகுது. நேரா போகணும்னா வலது பக்கமா ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துட்டே இருக்கணும், பெருசா ஒண்ணுமில்ல, ஆனா விடாம கொடுக்கணும், வீட்டுக்கு வந்து இறங்கினா வலது தோள்பட்டை வலிக்குது. இது போதாதுன்னு நேரா போகும்போது ஸ்டீரிங் நடுவுல இருக்குற லோகோ சாஞ்சு வேற இருக்கு. இழுக்குறது வேற, ஸ்டீரிங் கோணலா இருக்குறது வேற, எனக்கு ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு.

இவர் ஓட்டிப் பாத்துட்டு "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ங்கறார். எப்படித் தெரியும்? ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கை நெரிச்சுப் பிடிச்சு ஓட்டுற ஆளு. அந்தப் பிடில வண்டி எந்தப் பக்கம் போகணும்னு நெனச்சாலும் நடக்காது.

20ம் தேதிக்குள்ள சரியாகணும்.

மார்ச் 5
டயர்ல காத்து பாத்தேன். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 33 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு. இருந்தது 46, 46, 45, 44!! ஃபேக்டரில இருந்து அனுப்பும்போது வேணும்னே கூட அடிச்சு அனுப்புவாங்களாம், யார்டுல நாள்கணக்கா நின்னா டயர் ஒரு பக்கம் தட்டையாகிடக் கூடாதுன்னு. அதைக் குறைச்சுட்டுத்தான் கஸ்டமர் கைல கொடுக்கணும். டெலிவரி செக்லிஸ்ட்டை எடுத்துப் பாத்தேன், 'டயர் பிரஷர்' வரில அழகா டிக் அடிச்சிருக்கு. கையெழுத்து வேற.

33க்கு இறக்கினேன். இன்னொண்ணு, டயர் மேலயே ஒரு நம்பர் எழுதியிருக்குமே, அது அந்த டயர் தாங்குற அதிகபட்சம். நம்ம வண்டிக்கான அளவு இல்ல. காத்தடிக்கிற பையன் அதைப் பாத்துத்தான் அடிக்கப் போனான், நிறுத்திட்டேன்.

ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டது போயிடுச்சு. 80ல ரோட்டு மேல மிதக்குற மாதிரி ஒரு அலைச்சல் இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. அப்பாடா.

மார்ச் 6
இடது.

மார்ச் 8
ஞாயித்துக்கிழமை, விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன். எல்லாரும் "ரோடு சரிவும்மா"ங்கறாங்க இல்லையா, அதையும் பாத்துடுவோம்னு. தண்ணி நிக்காம இருக்க ரோட்டை நடுவுல மேடா, ரெண்டு ஓரமும் தாழ்வாத்தான் போடுவாங்க, அதனால இடது பக்கம் ஓட்டினா எந்த வண்டியும் லேசா இடது பக்கம் சாயும், அது உண்மைதான். ஆள் நடமாட்டமே இல்லாத நீளமான நேர் ரோடு ஒண்ணு, முன்னாடியும் பின்னாடியும் கண்ணுக்கெட்டின தூரம் காலி, சரியா நடுமேட்டுல வண்டியை வச்சு 60ல போனேன். சரிவே இல்லாத இடம். கையை எடுக்கல, விரலை மட்டும் தளர்த்தினேன். இடது. கொஞ்சம் மேடு தாண்டி வலது பாதிக்கே போய்ப் பாத்தேன், அங்க சரிவு வலது பக்கம், அதனால வண்டி வலது பக்கம்தான் போகணும். போகல. நேரா போச்சு. அதாவது ரோடு வலது பக்கம் இழுக்குது, வண்டி இடது பக்கம் இழுக்குது, ரெண்டும் சமமாகி நேரா போகுது.

இதை விட என்ன ஆதாரம் வேணும்?

திரும்பி வந்து சொன்னா இவர் "காலங்காத்தால இதுக்கா போன"ன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டார்.

மார்ச் 9
சர்வீஸ் சென்டர்.

"சார் வரலையா மேடம்?"

வரல. வண்டி என் பேர்ல இருக்கு.

"புது வண்டி மேடம், பவர் ஸ்டீரிங் லேசாத்தான் இருக்கும், பழகிடும். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், எல்லாம் செட் ஆகிடும்." எது செட் ஆகும்? ஸ்பிரிங் கொஞ்சம் உக்காரும், சரி. புது டயர் மேல இருக்குற பூச்சு தேஞ்சு பிடிமானம் வரும், அதுவும் சரி. ஒரு பக்கமா இழுக்குற வண்டி ஓட ஓட தானா நேராகும்னு யார் சொன்னது? ஜாப் கார்டுல 'ஸ்டீரிங் செக்'னு எழுதினான். அழிச்சுட்டு, 'நேர் ரோட்டில் 60 முதல் 80 வரை இடது பக்கம் இழுக்கிறது, ஸ்டீரிங் லோகோ சாய்வு'ன்னு நான் சொல்லச் சொல்ல எழுத வச்சேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

டெஸ்ட் டிரைவ் அந்த அட்வைசர் தம்பிதான் ஓட்டினார். அவரும் இவர் மாதிரியே நெரிச்சுப் பிடிக்கிறார். "நேராத்தானே போகுது மேடம்."

மார்ச் 10
அலைன்மென்ட் பண்ணிட்டாங்க. பிரிண்ட் அவுட் கொடுத்தாங்க, எல்லாக் கட்டமும் பச்சை. லோகோ இப்ப நேரா நிக்குது, டோ, அதாவது முன் சக்கரம் பாக்குற திசையை, சரி பண்ணினாலே அது வந்துடும். ரொம்ப சந்தோஷமா கேட்டைத் தாண்டி வெளில வந்தேன்.

இடது.

திரும்பிப் போய் சொன்னேன். பிரிண்ட் அவுட்டைத்தான் காட்டுறாங்க. "எல்லாம் பச்சை மேடம்."

மார்ச் 11
லேன் அசிஸ்ட்டை (ரோட்டுக் கோட்டுக்குள்ள வண்டி இருக்க ஸ்டீரிங்கைத் தானா திருப்புற வசதி) ஆஃப் பண்ணிப் பாத்தியாக்கான்னு தம்பி மெசேஜ். நான் வாங்கின மாடல்ல அது கிடையவே கிடையாதுடா.

மார்ச் 12
தூக்கம் வரல. பிரிண்ட் அவுட்டை எடுத்து வச்சு உக்காந்துட்டேன். டோன்னா மேல இருந்து பாத்தா முன் சக்கரம் ரெண்டும் உள்பக்கம் பாக்குதா வெளிப்பக்கம் பாக்குதாங்கறது. அது தப்பா இருந்தா டயர் தேயும், ஸ்டீரிங் கோணும், ஆனா முன்பக்க டோ பெரும்பாலும் ஒரே பக்கமா இழுக்காது, ஏன்னா ஓடும்போது ரெண்டு சக்கரமும் அதைப் பங்கு போட்டுக்கும். கேம்பர்னா முன்னாடி நின்னு பாத்தா சக்கரத்தோட தலை உள்ள சாஞ்சிருக்கா வெளில சாஞ்சிருக்கா. காஸ்டர்னா சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கம் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு, திருப்பிட்டு விட்டா ஸ்டீரிங் தானா நடுவுக்கு வர்றது பெருமளவு அதாலதான்.

இப்ப இதுதான் விஷயம். கேம்பருக்கு அனுமதிச்ச அளவு மைனஸ் 30 நிமிஷம், கூடக் குறைய 45. (60 நிமிஷம் சேர்ந்தா ஒரு டிகிரி. மைனஸ்னா தலை உள்ள சாஞ்சிருக்குன்னு அர்த்தம்.) எனக்கு இடது மைனஸ் 8, வலது மைனஸ் 32. தனித்தனியாப் பாத்தா ரெண்டும் பச்சைதான். ஆனா ரெண்டுக்கும் நடுவுல 24 நிமிஷம் வித்தியாசம். எந்தச் சக்கரத்தோட தலை வெளிப்பக்கமா அதிகம் இருக்கோ வண்டி அந்தப் பக்கம் போகும். அதாவது இடது. காஸ்டரும் இடது பக்கம்தான் குறைச்சல், அது குறைவா இருக்குற பக்கமும் இழுக்கும். பச்சைங்கறது அந்தந்தச் சக்கரத்துக்குக் கொடுத்த மார்க், ஜோடிக்கு இல்ல. பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு பச்சையைச் சேர்த்துப் பாக்க அந்தத் தாள்ல ஒரு கட்டம் கூட இல்ல.

மணி 2. படுக்கணும்.

மார்ச் 13
போன் பண்ணிக் கேட்டேன். இந்த வண்டில கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாதாம், ஃபிக்ஸடாம். கீழ முன் சஸ்பென்ஷனைத் தாங்குற சட்டத்தோட, அதாவது சப்ஃப்ரேமோட, போல்ட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்தலாம்னு படிச்சேனேன்னு சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "சாரை ஒரு தடவை பேசச் சொல்லுங்க மேடம்".

அப்பா போன் பண்ணார். 20ம் தேதி வந்துடுவியாம்மான்னு. வந்துடுவேன்ப்பா.

மார்ச் 14
பிரேக் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே ஓடினாலும் இழுக்கும். அதையும் ஒழிச்சுக் கட்டலாம்னு, கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசில பிரேக்கே போடாம உருட்டி நிறுத்தி, முன் ரிம் ரெண்டுக்கும் பக்கத்துல கையை வச்சுப் பாத்தேன். ரெண்டுலயும் ஒரே சூடு. பிரேக் இல்ல.

தெருவுல ஒருத்தர் நின்னு "என்னம்மா பஞ்சரா"ன்னு கேட்டார். இல்ல சார். விளக்கம் சொல்லத் தெம்பில்ல.

மார்ச் 15
தம்பியோட பழைய வண்டியை எடுத்துட்டுப் போனேன். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடினது, கதவு சரியா மூடாது, சஸ்பென்ஷன் லொடலொடன்னு சத்தம். அம்பு மாதிரி நேரா போகுது!! அழுகையே வந்துடுச்சு.

ராத்திரி சண்டை. எப்பப் பாத்தாலும் ஸ்டீரிங், ஸ்டீரிங்கைத் தவிர வீட்டுல பேச வேற விஷயமே இல்லையாங்கறார். இருக்கு. அந்த விஷயத்தைப் பேச ஆரம்பிச்சா ரெண்டு பேருமே தாங்க மாட்டோம், அதனால ஸ்டீரிங் பேசுறேன்.

மார்ச் 16
இன்னிக்கு வேற ஆள். அதே சர்வீஸ் சென்டர்தான், ஆனா அட்வைசர் லீவு, உள்ள இருந்து வயசான டெக்னீஷியன் ஒருத்தர் வந்தார். ஓட்டினார். ரெண்டே விரல்ல பிடிச்சு ஓட்டினார். நூறு மீட்டர் கூடப் போகல, "ஆமாம்மா, இழுக்குது"ன்னார்.

எத்தனை பேருகிட்ட கேக்கணும்னு நெனச்ச வார்த்தை. பதில் சொல்ல எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆச்சு.

பிரிண்ட் அவுட்டை நீட்டினேன், 24 நிமிஷத்தைக் காட்டினேன். பாத்தார். "இதுவும் இருக்கும். ஆனா இவ்வளவு இழுவைக்கு இது மட்டும் பத்தாது. இந்த மெஷின் சக்கரம் நிக்கிற கோணத்தைத்தான் பாக்கும், டயருக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது." முன்னாடி ரெண்டு டயரையும் இடம் வலமா மாத்திப் போட்டார். டயர்ல அம்புக்குறி போட்டு ஒரே திசைல ஓடுற ரகம்னா இப்படி மாத்தக் கூடாதாம், என்னோடது அந்த ரகம் இல்ல. மறுபடி ஓட்டினோம்.

வலது!!!

வலது பக்கம் போச்சு. நான் கத்திட்டேன். கோணத்தால இழுக்குதுன்னா டயரை மாத்தினாலும் அதே பக்கம்தான் போயிருக்கணும். பக்கம் மாறிடுச்சுன்னா டயர். டயர் செய்யும்போது உள்ள இருக்குற பெல்ட் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்ந்து உக்காந்தாப் போதுமாம், பாக்க உருண்டையா இருந்தாலும் உருளும்போது ஒரு பக்கம் சின்னதா நடந்துக்கும். பேப்பர் கப்பைப் படுக்க வச்சு உருட்டினா வளைஞ்சு போகுமே, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, காத்து சரியா இருக்கும், பேலன்சிங்லயும் மாட்டாது, ஏன்னா சாதாரண பேலன்சிங் மெஷின் எடையை மட்டும்தான் பாக்கும்.

அப்புறம் வலது முன்னாடி இருந்ததைப் பின்னாடி தள்ளி, பின்னாடி இருந்ததை முன்னாடி போட்டார். நேரா போச்சு. கிட்டத்தட்ட. ஆக ஒரே ஒரு டயர்.

"பின்னாடியே இருக்கட்டும்மா, இழுவை தெரியாது." தெரியாதுதான். இல்லாமப் போகலையே. ஆனா 20க்கு இது போதும்.

மார்ச் 17
வாரண்டி கேட்டேன். வண்டி கம்பெனி வாரண்டில டயர் வராதாம், டயர் கம்பெனிதான் பாக்கணுமாம். வண்டி வாங்கும்போது டயர் இல்லாமயா வாங்கினேன்? ஃபார்ம் நிரப்பினேன். டயர் ஓரத்துல இருக்குற நீள நம்பரைக் கேட்டாங்க, அதோட கடைசி நாலு இலக்கம் எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். செல்ஃபோன் டார்ச் அடிச்சு, தரைல குனிஞ்சு படுத்து எழுதிக் கொடுத்தேன். அட்வைசர் இன்னிக்கு வந்திருந்தான், என்னைப் பாத்ததும் உள்ள போயிட்டான்.

மார்ச் 18
கவனிச்சு ஓட்டினா இன்னும் துளி இடது இருக்கு. மத்தவங்களுக்குத் தெரியாது. நேத்து இல்ல முந்தாநாள் மாத்திப் போட்டப்ப வலது பக்கம் போச்சே, அது முன்னாடி இடது பக்கம் போன அளவுக்குப் போகல, அப்பவே தோணுச்சு. டயர் வலது பக்கம் தள்ளுது, கோணம் இடது பக்கம் தள்ளுது, மிச்சம்தான் வலது. இப்ப டயர் போயிடுச்சு, கோணம் மட்டும் பாக்கி. அந்த 24 நிமிஷம்.

மார்ச் 19
காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காத்து பாத்தாச்சு. ஆளும் பையும் நிறைய இருந்தா பின்னாடி கூட வேணும், ஸ்டிக்கர்லயே தனியாப் போட்டிருக்கு, 36. வச்சாச்சு. சக்கர நட்டு எல்லாம் டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு இறுக்கித் தரச் சொன்னேன், அந்தப் பெரியவர்தான் பண்ணார். முன் சீட்டைப் பின்னாடி தள்ளிச் சாய்ச்சுப் பாத்தேன், அப்பாவுக்குக் கால் நீட்ட இடம் இருக்கு.

பயமா இருக்கு. வண்டிக்காக இல்ல.

மார்ச் 21
போயிட்டு வந்தாச்சு. அதைப் பத்தி எழுதப் போறதில்ல.

வண்டி 90ல நேரா போச்சு. திரும்பி வரும்போது இவர் ஓட்டினார், பாதி வழில "இப்ப ஏதோ லேசா இருக்கே, தோள் வலிக்கல"ன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மார்ச் 23
டயர் கம்பெனில இருந்து போன். டிரெட் தேயல, வீக்கம் இல்ல, வெட்டு இல்ல, அதனால 'டிஃபெக்ட் இல்லை'ன்னு முடிச்சுட்டாங்களாம், போட்டோ பாத்தே. போட்டோல எப்படிங்க இழுவை தெரியும்? டயர் பக்கவாட்டுல தள்ளுற விசையையும் சேர்த்து அளக்குற பேலன்சிங் மெஷின் இருக்கு, அதுல போட்டு அளவு எடுத்துக் கொடுங்க, இல்ல வண்டில மாட்டி ஓட்டிப் பாருங்கன்னேன். பேசிட்டுக் கூப்பிடுறாங்களாம்.

மார்ச் 24
கூப்பிடல.

மார்ச் 25
கூப்பிட்டாங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வர்றாராம். அந்த டயரைத் திரும்ப முன்னாடி இடது பக்கமே மாட்டி வைக்கணும், மாட்டி வச்சாச்சு, வர்ற வழியெல்லாம் தோள் வலி. "நீங்க ஓட்டிக் காட்டுங்க மேடம், அவர் பக்கத்துல உக்காந்து பாப்பார்"னாங்க. மாட்டேன்னுட்டேன். அவர்தான் ஓட்டணும், ரெண்டு விரல்ல.