இங்கேதான் பிறந்தேன் என்று நிரூபிக்க

டொமினிக்கன் குடியரசின் கிழக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பத்தேயில் எங்கள் சபை சின்ன மருந்தகம் ஒன்று நடத்துகிறது. கரும்பு வெட்டுகிறவர்களுக்காக ஆலைகள் தோட்டத்துக்குள்ளேயே கட்டிய குடியிருப்புக்குத்தான் பத்தேய் என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கன்னியாஸ்திரியாக இங்கே வந்தபோது, காயத்துக்குக் கட்டுப் போடுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் பிறப்புச் சான்றிதழ்களுக்காக அலைந்த நேரம்தான் அதிகம். அப்படி அலைந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அக்கா, தம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவர்களுடைய அப்பா பக்கத்து நாடான ஹெய்ட்டியிலிருந்து வந்தவர். தானாக எல்லை தாண்டி வரவில்லை, கூட்டி வரப்பட்டவர். 1952 தொடங்கி 1986 வரை இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, அறுவடைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் கொண்டுவந்தன. பல ஆலைகள் அரசுக்கே சொந்தம். வந்தவர்களுக்கு ஆலை ஓர் அடையாள அட்டை கொடுத்தது, அதை ஃபிச்சா என்பார்கள். அவரிடம் இருந்த ஒரே ஆவணம் அதுதான். வருடா வருடம் அறுவடை, அப்புறம் களை பிடுங்குதல், அப்புறம் அடுத்த அறுவடை என்று அவர் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணமும் பிள்ளைகளும் இங்கேதான்.

அக்கா 1994இல் பிறந்தாள். அப்பா ஃபிச்சாவை எடுத்துக்கொண்டு நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனார், பிள்ளையைப் பதிந்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். அன்றைய அரசியலமைப்புப்படி இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் குடியுரிமை உண்டு. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகளும், நாட்டைக் கடந்து போகும் வழியில் இருப்பவர்களின் பிள்ளைகளும் மட்டுமே விலக்கு. கடந்து போகிறவர் என்றால் பத்து நாளுக்குமேல் தங்காதவர் என்று 1939ஆம் வருட விதியிலேயே இருந்தது. அவளுடைய அப்பா அதற்குள் பல அறுவடைகளை முடித்திருந்தார்.

தம்பி 1998இல் பிறந்தான். அந்த வாரம் விடாத மழை, பாதை முழுக்கச் சேறு. மருத்துவச்சிதான் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்தார். அப்பாவுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. இவனைப் பதிய யாரும் போகவில்லை. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஆனால் அந்த ஒரு நாள் யாரும் நகரத்துக்குப் போகாததால் இரண்டு பேருக்கும் இரண்டு விதி.

இங்கே பதினெட்டு வயது முடிந்தால் செதுலா எடுக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் அந்த ஒன்றேதான். அது கையில் இல்லாதவருக்குக் கல்லூரி இல்லை, காப்பீட்டோடு கூடிய வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சட்டப்படி கல்யாணமும் இல்லை. பிள்ளையைத் தன் பெயரில் பதியவும் முடியாது. அக்கா 2012இல் செதுலாவுக்கு வேண்டிய சான்றிதழ் நகலைக் கேட்டுப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவின் குடும்பப் பெயரைப் பார்த்தார், இது விசாரணையில் இருக்கிறது, பிறகு வா என்றார். எத்தனை மாதம், யார் விசாரிக்கிறார்கள், எதை விசாரிக்கிறார்கள் என்ற எதற்கும் பதில் இல்லை. அடுத்த முறை நானும் கூடப் போனேன். என் மடத்து உடுப்புக்கு மரியாதையாக உட்கார நாற்காலி கொடுத்தார்கள், பதில் மட்டும் மாறவில்லை.

அவளுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2007 மார்ச்சில், வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர்களின் பதிவைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி மத்தியத் தேர்தல் வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பிறப்புப் பதிவும் இங்கே அந்த வாரியத்தின் கையில்தான். அதிலிருந்து, பெயரில் ஹெய்ட்டிச் சாயல் இருந்தாலே போதும், நகல் கிடைக்காது என்ற நிலை வந்தது. சிலர் வழக்குப் போட்டார்கள். மோந்தே பிளாத்தா மாகாணத்தைச் சேர்ந்த ஜூலியானா தெகீஸ் என்ற பெண்ணின் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2013 செப்டம்பர் 23இல் தீர்ப்பு வந்தது. அவள் டொமினிக்கன் இல்லை, சட்டப்பூர்வ வதிவிட உரிமை இல்லாத அவளுடைய பெற்றோர் கடந்து போகிறவர்கள்தான் என்றது தீர்ப்பு. அதோடு நிற்காமல், 1929 முதல் உள்ள பதிவேடுகள் எல்லாவற்றையும் துருவச் சொன்னது. இரண்டு லட்சம் பேருக்கும் மேல் ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆகக்கூடிய தீர்ப்பு அது.

அந்த வாரம் பத்தேயில் யாரும் சத்தம் போடவில்லை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பலர் கோபத்தைத் தேடி வந்தார்கள். நான் பார்த்தது வேறு. அறுபது வயதுப் பாட்டிகள் பெட்டியைத் திறந்து தங்கள் சான்றிதழை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார்கள். இது இன்னும் செல்லுமா சிஸ்டர் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியாது.

உலகம் முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு, 2014 மே மாதம் 169-14 என்ற சட்டம் போட்டார்கள். மக்களை அது இரண்டாகப் பிரித்தது. ஏற்கெனவே பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் முதல் வகை, அவர்களின் பதிவைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்போம் என்றது. பதிவே இல்லாதவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் முதலில் வெளிநாட்டவராகப் பதிய வேண்டும், இரண்டு வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அக்கா முதல் வகையில் விழுந்தாள், தம்பி இரண்டாவதில்.

அக்காவுக்கு என்னென்ன சேர்த்தோம் என்று சொல்கிறேன், வேறு எங்காவது இப்படி ஒருவருக்கு உதவுகிறவர்களுக்குப் பயன்படும். பழைய சான்றிதழின் நகல் முதலில். அப்பாவின் ஃபிச்சா, பால்மாவு டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஓரம் கரையானுக்குப் போயிருந்தாலும் எண் தெளிவாக இருந்தது. தடுப்பூசி அட்டை, பள்ளி மதிப்பெண்கள். பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணையாக இருந்தது, ஏனென்றால் அதில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் அந்தக் காலத்துப் பங்குத்தந்தையின் கையெழுத்திலேயே இருந்தன. தகப்பன் பெயரை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஹெய்ட்டி மக்களின் மொழியான கிரியோலில் இருந்த பெயர், காதில் விழுந்தபடி இந்த நாட்டு மொழியான ஸ்பானிஷில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் ஓர் எழுத்து மாறினால் வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் எல்லாவற்றிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்பு தனியாக உறுதிமொழி எழுதி வாங்கினோம். இதைச் செய்யாமல் திரும்பி வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

2015 ஜூனில் முதல் வகையில் பதிவு சரிபார்க்கப்பட்டவர்களின் பட்டியல் வெளியானது, சுமார் 55,000 பெயர்கள். மருந்தகத்தில் ஒரே ஒரு மடிக்கணினி, இணையம் வந்து வந்து போகும். வரிசை வாசல் தாண்டி மாமரம் வரை நின்றது. பெயர் இருந்தவர்கள் தெருவில் ஆடினார்கள். இல்லாதவர்கள் பெயரை வேறு எழுத்தில் தேடச் சொல்லி மறுபடியும் பின்னால் போய் நின்றார்கள். அக்காவின் பெயர் இருந்தது.

ஆனால் கிடைத்தது பழைய பதிவு இல்லை. பலரின் பதிவைப் போலவே அவளுடையதையும் புதிய பதிவேடு ஒன்றில் பெயர்த்து எழுதியிருந்தார்கள், புதிய எண், புதிய பக்கம். பழைய பதிவுகளை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றங்களில் வழக்குகளும் போடப்பட்டன. தன் பெயரில் ஒரு வழக்கு இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. இது எனக்கு இன்றும் ஆறவில்லை. 1994இல் அரசு தன் முத்திரையைக் குத்திக் கொடுத்ததுதானே அந்தச் சான்றிதழ்? அதில் என்ன தவறு? பிறப்பிலேயே இருந்த உரிமையைப் புதிதாகக் கொடுப்பதுபோல ஏன் தனிப் புத்தகத்தில் வைக்க வேண்டும்? நாளைக்கு யாராவது இவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

அக்காவுக்கு இதை யோசிக்க நேரமில்லை. அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிரசவமானதும் மருத்துவமனை ஒரு பிறப்புச் சீட்டுக் கொடுக்கும். தாய்க்குச் செதுலா இருந்தால் வெள்ளைச் சீட்டு. ஆவணமில்லாத வெளிநாட்டவள் என்று எடுத்துக்கொண்டால் ரோஜா நிறச் சீட்டு, பிள்ளை வெளிநாட்டவர் பதிவேட்டுக்குப் போய்விடும். அதனால் வயிறு தெரியத் தெரிய அவசரம் கூடியது. சூரியன் வருவதற்கு முன்பே குவாகுவா பிடித்துப் போவோம். குவாகுவா என்பது இங்கே ஓடும் சின்ன பஸ். ஒருநாள் கணினி வேலை செய்யவில்லை, இன்னொரு நாள் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறை. கடைசியில் கைரேகை எடுத்து, படம் பிடித்து, செதுலாவைக் கையில் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது, வெள்ளைச் சீட்டோடு.

தம்பியின் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் வகையில் பதிய, இந்த நாட்டில்தான் பிறந்தோம் என்று காட்ட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, பிரசவம் பார்த்தவரின் வாக்குமூலம், செதுலா உள்ள உடன்பிறந்தவரின் வாக்குமூலம், இல்லாவிட்டால் நோட்டரி முன்பு ஏழு சாட்சிகள். மருத்துவச்சி இறந்துபோயிருந்தார். அக்காவுக்கு அப்போது செதுலா வரவில்லை. மிச்சம் ஏழு சாட்சிகள்தான். சாட்சிகளிடமும் செதுலா இருக்க வேண்டும், எங்கள் பத்தேயில் அவன் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் இல்லை.

ஆசிரியை ஒருவர் வந்தார், ஆலையில் எடை போடுகிறவர் வந்தார், இப்படி ஆறு பேர் சேர்ந்தார்கள். ஏழாவதாகக் கொல்மாதோக்காரரிடம் போனேன். கொல்மாதோ என்பது நம்மூர் மளிகைக் கடை மாதிரி, அரிசி முதல் பியர் வரை எல்லாம் கடனுக்குக் கிடைக்கும். அந்த மனிதர் ஹெய்ட்டிக்காரர்களைப் பற்றிப் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிகள் நிரம்பிவிட்டன, கட்டட வேலையில் பாதிக் கூலிக்கு அவர்கள் வருகிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்பார். 2010 பூகம்பத்தின்போது முதலில் ஓடிப்போய் உதவியது நாங்கள், பெரிய நாடுகள் பேசிவிட்டுப் போய்விடும், சுமை எங்கள் தலையில் என்பார். இதில் பொய் என்று தள்ளக்கூடியது அதிகம் இல்லை. இந்த நாடு 1844இல் விடுதலை பெற்றதே ஹெய்ட்டியிடமிருந்துதான், பிப்ரவரி 27ஐ அதற்காகத்தான் கொண்டாடுகிறார்கள். அந்தப் பயம் பள்ளிப் பாடத்திலிருந்தே ஊறியது. 1937இல் சர்வாதிகாரி த்ருஹீயோவின் ஆட்கள் எல்லையோரம் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்களைக் கத்தியால் வெட்டிக் கொன்றதும் அதே பயத்தைத் தூண்டிவிட்டுத்தான்.

நான் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பையனா, அவன் பிறந்த அன்று அவன் அப்பாவுக்கு ரம் கொடுத்ததே நான்தானே, அவன் ஹெய்ட்டிக்காரன் இல்லை சிஸ்டர், எங்கள் ஊர்ப் பையன் என்றார். செதுலாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடையை மூடிவிட்டு வந்தார். அவர் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வாரமே பழைய பேச்சுத்தான். ஆனால் தெரிந்த பையன் என்று வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டார்.

2015 பிப்ரவரி 1 கடைசி நாள். அதற்குச் சற்று முன்பு மனுவைக் கொடுத்தோம். நாடு முழுக்க இந்த வழியில் பதிந்தவர்கள் 8,755 பேர்தான். பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் நோட்டரிக்குக் காசு இல்லை. இங்கே பிறந்த நான் ஏன் வெளிநாட்டவன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று மறுத்தவர்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தம்பி கையெழுத்துப் போட்டான். வெளிநாட்டவர் அட்டை ஒன்று வந்தது, பிறந்த இடம் டொமினிக்கன் குடியரசு என்று அதிலேயே அச்சாகியிருந்தது.

சட்டம் சொன்ன இரண்டு வருடம் போனது. 2020 ஜூலையில் ஜனாதிபதி ஓர் ஆணையில் 750 பேர் அளவில் குடியுரிமை கொடுத்தார். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தோம். அவன் பெயர் இல்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். ஹெய்ட்டியில் ஆயுதக் கும்பல்கள் ஊரைப் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் 2024 அக்டோபரில் வாரத்துக்கு 10,000 பேரை வெளியேற்றுவோம் என்று அரசு அறிவித்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 2,76,000 பேருக்கும் மேல் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். குடிவரவுத் துறையின் லாரி பத்தேய்க்குள் வரும்போது முதலில் பார்ப்பது தோலின் நிறத்தைத்தான், அட்டையைக் கேட்பது அப்புறம்தான். 2025 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகளிலும் ஆவணம் கேட்கிறார்கள். மாதம் நிறைந்த பெண்கள் பயந்துபோய் எங்கள் மருந்தகத்துக்கு வருகிறார்கள், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா செதுலாவைக் கையோடு வைத்திருக்கிறாள், குழாயடிக்குப் போகும்போதுகூட. நகரத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது, மாலையில் கல்லூரி. தம்பியின் அட்டை காலாவதியாகிவிட்டது. நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி இருப்பதால் கரும்புக்குள் போகும் மண்பாதையிலேயே வேலைக்குப் போய் வருகிறான். அவனுடைய கோப்பின் இரண்டு நகல்கள் எங்கள் மடத்து அலமாரியில் இருக்கின்றன, ஒன்று வழக்கறிஞரிடம் இருக்கிறது. அவன் நிரூபிக்க வேண்டியது இனி எதுவும் இல்லை. கைரேகை, ஏழு சாட்சிகள், பிறந்த ஊர், வீட்டு விவரம் எல்லாம் பத்து வருடத்துக்கும் மேலாக அரசின் கையில் இருக்கின்றன, மற்ற 8,754 பேருடையதும் அப்படித்தான். மிச்சம் இருப்பது ஒரு கையெழுத்து, அதைப் போட வேண்டியவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள்.