ஹார்ட் டிஸ்கை மாற்றும் முன் அந்த ரிப்பன் கேபிளைப் பாருங்கள்

என் மாமா ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ், இதுதான் வேலை. அங்கே இருக்கிற பெண்டியம் 4 கணினியில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திவிட்டது, தெரியும். ஆனால் மாமாவின் இத்தனை வருஷத்துப் பேஜ்மேக்கர் ஃபைல்களும் யூனிகோடு அல்லாத அந்தப் பழைய தமிழ் ஃபாண்டுகளும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன, அதனால் நெட் கனெக்‌ஷன் எதுவும் கொடுக்காமல் தனியாக வைத்திருக்கிறார்.

ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்குகிற நேரம் பார்த்து அது படுத்துவிட்டது. “மாப்ளே, ஒரு பத்திரிகையைத் திறக்கச் சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல இருக்கு, கொஞ்சம் வந்து பாரேன்” என்றார். உள்ளூரில் சர்வீஸ் செய்பவர் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதுசு போட்டு ஃபார்மேட் அடிக்கணும் என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, மாமா சம்மதிக்கவில்லை.

போய் உட்கார்ந்து ஒரு ஃபோல்டரை காப்பி போட்டேன். மெதுவாகப் போனது ஒரு பக்கம், காப்பி ஓடும்போது மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்ததுதான் எனக்கு உறுத்தியது. டிஸ்க் மட்டும் மெதுவாக இருந்தால் மவுஸ் ஏன் திணற வேண்டும்? எது எவ்வளவு சிபியுவை எடுக்கிறது என்று காட்டும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் எந்த புரோகிராமும் சிபியுவைத் தின்னவில்லை, ‘இன்டரப்ட்ஸ்’ (டிஸ்க் போன்ற சாதனங்கள் சிபியுவைக் கூப்பிடும் குறுக்கீடுகள்) என்ற வரிதான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் டிஸ்க்கின் வேகத்தை அளந்து கோடாக வரைந்து காட்டும் எச்.டி. டியூனை ஓட்டினேன். நல்ல டிஸ்க்காக இருந்தால் கோடு மேலே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும், ஏனென்றால் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் வெளி விளிம்பில் வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். இங்கே கோடு அடியோடு அடியாக, ஸ்கேல் வைத்துக் கீறியது மாதிரி நொடிக்கு 4 எம்.பி.யில் நேராகப் போனது. தட்டு கெட்டுப்போனால் கோடு பள்ளமும் மேடுமாக இருக்கும், இப்படி நேராக இருக்காது. அப்படியென்றால் தடை தட்டில் இல்லை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே எங்கேயோ.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய பெட்டி இருந்தால் பார்க்க வேண்டிய இடம் இது: மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர், ஐ.டி.இ. (பழைய வகை டிஸ்க் இணைப்பு) கன்ட்ரோலர்களுக்குக் கீழே ‘ப்ரைமரி ஐ.டி.இ. சேனல்’, அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். ‘டி.எம்.ஏ. இருந்தால் பயன்படுத்து’ என்றுதான் தேர்வாகி இருந்தது. ஆனால் கீழே இப்போதைய மோட் என்ற இடத்தில் ‘பி.ஐ.ஓ. மோட்’.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், பி.ஐ.ஓ.வில் லாரியில் வந்த பேப்பர் கட்டுகளை முதலாளியே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கிற கதை. டிஸ்க்கிலிருந்து வருகிற ஒவ்வொரு துணுக்கையும் சிபியுவே எடுத்து மெமரியில் வைக்க வேண்டும், அதனால்தான் மவுஸைக் கவனிக்கக்கூட அதற்கு நேரமில்லை. டி.எம்.ஏ.வில் கன்ட்ரோலரே நேராக மெமரியில் இறக்கிவிடும், சிபியு தன் வேலையைப் பார்க்கலாம். பி.ஐ.ஓ.வின் உச்சமான மோட் 4கூட ஏட்டளவில் நொடிக்கு 16.6 எம்.பி.தான். அல்ட்ரா டி.எம்.ஏ. மோட் 5 என்றால் 100.

பி.ஐ.ஓ.வுக்கு இறக்குவதை எக்ஸ்பி தானாகவே செய்கிறது. டேட்டா வரும்போது சி.ஆர்.சி. பிழை, அதாவது டேட்டா வழியில் கெட்டுவிட்டது என்று காட்டும் பிழை, திரும்பத் திரும்ப வந்தால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் பி.ஐ.ஓ.வில் நிறுத்திவிடும். டைம்அவுட் (டிஸ்க் உரிய நேரத்தில் பதில் தராதது) ஆறு தடவைக்கு மேல் வந்தாலும் அப்படித்தான். ஒரு எச்சரிக்கை கிடையாது, திரையில் ஒரு வரி கிடையாது. அந்தப் பெட்டியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதோடு, அந்த சி.ஆர்.சி. சரிபார்ப்பு அல்ட்ரா டி.எம்.ஏ.வில்தான் உண்டு. பி.ஐ.ஓ.வுக்கு இறங்கிய பிறகு வழியில் டேட்டா கெட்டாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

எதையும் தொடும் முன் முதல் வேலை பேக்கப். டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக என் லேப்டாப்பில் போட்டேன். நொடிக்கு 28 எம்.பி.க்குக் குறையாமல் வந்தது! அதே டிஸ்க்தான். போய்விட்டது என்று சொன்ன டிஸ்க். மாமா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

திரும்ப மாட்டி, டிவைஸ் மேனேஜரில் அந்த ப்ரைமரி சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். பயப்பட வேண்டாம், ஃபைல் எதுவும் போகாது, விண்டோஸ் சேனலைத் தானே கண்டுபிடித்து இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும், அவ்வளவுதான். அல்ட்ரா டி.எம்.ஏ. மோட் 5 வந்துவிட்டது. சந்தோஷமாக ஊர் திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் மறுபடி போன். மறுபடி பி.ஐ.ஓ.

இணையத்தில் பலரும் சேனலை அழி, ரீஸ்டார்ட் செய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் அது திரும்ப வரும். இந்த முறை, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) பூஜ்யம், பெண்டிங் செக்டாரும் (சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) பூஜ்யம். ஆனால் சி7, அதாவது அல்ட்ரா டி.எம்.ஏ. சி.ஆர்.சி. பிழைகளின் எண்ணிக்கை 1846. தட்டு சுத்தமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான ரிப்பன் கேபிள் பவர் சப்ளைக்கும் சிடி டிரைவுக்கும் நடுவே மடிந்து நசுங்கி, மடிப்பில் வெள்ளைக் கோடே விழுந்திருந்தது, ஒரு ஓரத்தில் கம்பி லேசாக வெளியே தெரிந்தது. புதுசு வாங்கும்போது 80 கம்பி கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். முனையில் ஓட்டை 40தான் இருக்கும், குழம்ப வேண்டாம், கம்பிகள் மெல்லிசாக நெருக்கமாக இருக்கும், நகத்தால் வருடினாலே வித்தியாசம் தெரியும். பழைய 40 கம்பி கேபிளைப் போட்டால் அல்ட்ரா டி.எம்.ஏ. மோட் 2, அதாவது நொடிக்கு 33 எம்.பி.க்கு மேல் போகாது. நீல முனை மதர்போர்டுக்கு, கோடியில் இருக்கிற கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). நீளம் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். எனக்கு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய சாமான் பெட்டியைக் கிளறித்தான் கிடைத்தது.

மாட்டிவிட்டு, சேனலை மறுபடி அன்இன்ஸ்டால் செய்து, எச்.டி. டியூனை ஓட்டினேன். கோடு 55க்குப் பக்கத்தில் தொடங்கி அழகாகச் சரிந்து 30க்கு வந்தது.

சி7 எண் ஒருபோதும் குறையாது, பழைய பிழைகளும் சேர்ந்த கணக்கு அது, அதனால் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கேபிள் மாற்றி மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்குப் போனபோதும் முதலில் அதைத்தான் பார்த்தேன், அதே 1846.