கியர்பாக்ஸை மாற்றுவதா, வண்டியை விற்பதா?

என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் செடான். ஐந்து கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக், 1,18,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. காலையில் ரிவர்ஸ் விழ ஒரு நொடி தாமதிக்கும், அவ்வளவுதான். ஆனால் கிண்டி நெரிசலில் ஊர்ந்து சூடேறிய பிறகு கத்திப்பாரா பாலத்தில் வேகம் எடுத்தால், மூன்றிலிருந்து நான்காவது கியருக்கு மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் ரேஸாகும், வண்டி இழுக்காது. அப்புறம் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி கியர் விழும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு பி0700 கோடு வருகிறது என்றார்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கோடு ஒன்றும் சொல்லாது. என்ன கோளாறு என்பதைக் கூடவே வரும் இன்னொரு கோடில்தான் பார்க்க வேண்டும். அவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கியர்பாக்ஸை முழுசாக மாற்ற வேண்டும், 3,40,000 ரூபாய், பாகம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

நல்ல ஓட்டத்தில் இருந்தாலே இந்த வண்டிக்கு இரண்டு லட்சம் கிடைத்தால் பெரிய விஷயம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தள்ளிவிடுங்க மாமா" என்றான் மச்சான். அவன் சொன்னது நியாயம்தான், ஆனால் பாதிக் கணக்கு. இதே நிலையில் கேட்டால் எண்பதாயிரத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. இதற்கு இணையான புது ஆட்டோமேட்டிக் ஒன்று, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து பத்து லட்சத்தைத் தொடும். எனக்கு இடது முழங்கால் சரியில்லை, கிளட்ச் மிதிக்கிற வண்டி ஆகாது. ஆக, வண்டி என்ன விலை போகும் என்பதைவிட, எவ்வளவு செலவழித்தால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் வழக்கமான பாலிசியில் பணம் வராது.

புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் 55,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். ஒரு வாரம் டெஸ்டிங் கேரண்டி. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் நாளடைவில் பசை விட்டு உரிந்துவிடும். ஒரு வார டெஸ்டிங்கில் அது தெரிய வராது. அந்த யோசனையை அத்தோடு விட்டேன்.

அம்பத்தூரில் ஆட்டோமேட்டிக் வேலை மட்டும் செய்கிற ஒரு மெக்கானிக்கை நண்பர் காட்டினார். வண்டியை விடும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம்: ஐம்பதாயிரம் வரை செலவழிக்கலாம், கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஓவர்ஹால் லட்சத்தைத் தாண்டும், அப்போது விற்றுவிடுவது. இதை முன்கூட்டியே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. பாகங்களைப் பிரித்துப் பரப்பிய பிறகு "இன்னும் ஒரு பத்தாயிரம்தான் சார்" என்று யார் சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும்.

அவருடைய ஸ்கேனரில் பி0700-உடன் பி0760-உம் வந்தது. அது ஒரு ஷிஃப்ட் சாலினாய்டின் கோடு. கியர் மாற ஆயில் போகும் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன வால்வுதான் சாலினாய்டு. அதை மட்டும் நம்பாமல் கியர்பாக்ஸின் ஆயில் சேம்பரைக் கழற்றினார். புது ஆயில் நல்ல சிவப்பாக இருக்கும். இது டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். தீய்ந்த வாடை இல்லை. சேம்பரின் அடியில் இரும்புத் துகளைப் பிடித்துவைக்க காந்தங்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி படிந்திருந்தது.

"இது தேய்மானம் சார், இந்த வயசுக்கு இருக்கத்தான் செய்யும். செதில் செதிலா மின்னுச்சுன்னா நானே வித்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அப்புறம் சாலினாய்டைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தார். ஆறியிருக்கும்போது ஓம்ஸ், அதாவது மின்தடை, சரியாகக் காட்டியது. ஹாட் ஏர் கன்னால் சூடாக்கியதும் மீட்டரில் ஒன்றுமே வரவில்லை, உள்ளே சுற்று அறுந்துபோகிறது. நெரிசலில் சூடேறினால் மட்டும் கியர் நழுவியதற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. என் வண்டியில் வால்வு பாடியும் (ஆயிலை அந்தந்த கியருக்குத் திருப்பிவிடும் பகுதி) சாலினாய்டுகளும் சேம்பருக்கு நேர் மேலே இருப்பதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. எல்லா வண்டியிலும் இந்த வசதி கிடையாது. தனித்தனி கியர் இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் என்றால் பெல்ட், புல்லி என்று கணக்கே வேறு.

சாலினாய்டு செட், ஃபில்டர், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். ஆயிலை வடித்தால் பாதிகூட வெளியே வராது. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் பைப்பிலும் நின்றுவிடும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி இன்னொரு முறை வடித்து நிரப்பினார். மெஷின் வைத்து மொத்தமாக ஃப்ளஷ் செய்ய அவர் சம்மதிக்கவில்லை, பழைய கியர்பாக்ஸுக்கு அது ஆகாது என்பது அவர் கட்சி. மற்ற மெக்கானிக்குகள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

இப்போது கத்திப்பாராவில் எந்த வெயிலிலும் நான்காவது கியர் மெத்தென்று விழுகிறது. காலை ரிவர்ஸ் தாமதம் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம், அதற்கு கியர்பாக்ஸைத் திறந்தால்தான் உண்டு என்றார். அதைத் தொடப் போவதில்லை.

2027-இல் பதிவுக்கு 15 வருஷம் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித் தேறினால் இன்னும் 5 வருஷம் கிடைக்கும். அதற்கு முன்னால் ஒருமுறை சேம்பரைக் கழற்றிக் காந்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். செதில் தென்பட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகாமல், பில்லோடு சேர்த்து விஷயத்தைச் சொல்லி விற்றுவிடுவேன்.