“இது மனும்மா, கனவு இல்ல”

“இதெல்லாம் எழுதாத. இது மனு. கனவுன்னா கொஞ்சம் உயரமா இருக்கணும்.”

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் 15 பேச்சுப் போட்டிக்கு இருவரும் தயாராகிறார்கள். தங்கள் தெருவரை மினி பஸ் வர வேண்டும் என்று சின்னவள் எழுதியிருக்கிறாள். பெரியவள் அதை அடித்துவிட்டாள். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் போன வருஷம் நான் அவளிடம் சொன்னது. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

போன வருஷத் தலைப்பு ‘2047இல் என் இந்தியா’. ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். “2047இல் எனக்கு 37 வயது. என் அப்பாவுக்கு 64. அப்போது நம் நாட்டில் எந்தத் தொட்டிக்குள்ளும் மனிதன் இறங்க மாட்டான்” என்று ஆரம்பம். கேரளாவில் சாக்கடைக் குழிக்குள் இறக்கும் இயந்திரத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறாள். திருவனந்தபுரத்தில் 2018இல் வந்த பேண்டிகூட்டாகத்தான் இருக்க வேண்டும். அதை அப்பா மேலே நின்று ஓட்டுவாராம். வேலை முடிந்து வந்ததும், குளிக்கும்வரை காத்திருக்காமல், அவளுடைய குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவாராம். ஓரத்தில் பென்சிலால் 41ஐயும் 23ஐயும் கூட்டிப் பார்த்திருந்தாள்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். “இது மனும்மா, கனவு இல்ல.”

“அப்போ நான் நினைக்கிறது கனவு இல்லீங்களா ஐயா?”

“கனவுதான். மேடைக்கு வேற எழுதுவோம்.”

எழுதியும் கொடுத்தேன். 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3, விழுப்புரத்திலிருந்து போய் அந்தத் திட்டத்துக்கு இயக்குநரான வீரமுத்துவேல். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒன்றிய அளவில் இரண்டாம் பரிசு. அந்தப் பேச்சில் பொய் எதுவும் கிடையாது. நிலவில் இறங்கிய நாள் எனக்குக் கண் கலங்கியது, அவளும் முகம் மலர்ந்துதான் பேசினாள்.

ஏன் அடித்தேன் என்று கேட்டால் என்னிடம் காரணம் உண்டு. பதினாலு வயசுப் பிள்ளை. ஒன்றியத்துப் பள்ளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொன்னால், எந்தத் தெரு என்று சொன்ன மாதிரிதான். மறுநாள் வகுப்பில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தைக்காகப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட பையனைத் தேடி அவன் வீட்டுக்குப் போய் வந்தவன் நான். இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று நினைத்தது தப்பா?

ஆனால் இந்தக் காரணத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் பேசலாமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்திருப்பாள். மேடையில் உட்காரப்போகிற பெரிய மனிதர்களின் முகம் மாறிவிடுமே என்ற தயக்கமும் எனக்குள் இருந்தது. பயம் அவளுக்காக முதலில் வந்ததா, எனக்காக முதலில் வந்ததா? இப்போது யோசித்தால் பிரிக்க முடியவில்லை.

அதை மனு என்று சொன்னதும் சரியில்லை. மனுவில் கேட்க வேண்டியது எப்போதோ சட்டமாகிவிட்டது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு 1993இலேயே தடை வந்தது. பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013 சட்டம் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறதென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? தன் அப்பா 64 வயதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்திருக்கிறது. அதைப் போய் உயரம் போதாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். “மினி பஸ்ஸையே எழுதச் சொல்லும்மா. நல்லாத்தான் இருக்கு.”

“பரிசு கிடைக்குங்களா ஐயா?”

“கிடைக்காமலும் போகலாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “அப்போ நீங்களே அவகிட்ட சொல்லிருங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் சின்னவளிடம் சொன்னேன். அந்த ஒன்றரைப் பக்கம் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை அன்றும் எடுக்கவில்லை.